சிலேட்டுக்குள் இரண்டு காக்காப்பொன்

7 அக்டோபர் 2024, லான்பெரிஸ், வட வேல்ஸ்

காலையிலிருந்து தூறல். டினோர்விக் சிலேட் குவாரி 1969-இல் மூடப்பட்டது. உடைத்து ஒதுக்கிய கல் இன்னும் மலைச்சரிவு முழுக்கக் குவிந்து கிடக்கிறது. அனுமதி வாங்கி, குவியலிலிருந்து மட்டும் மூன்று பலகைகள் எடுத்துக்கொண்டோம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நிலம் இது. பாறை முகத்தில் சுத்தியல் வைக்க மனம் வராது.

ஒரு பலகையை மழையிலேயே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா நிறம், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. ஊதாவுக்குக் காரணம் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. பச்சைப் பகுதியில் அது இல்லை. தட்டையான முகத்தில் புள்ளி நீள்வட்டமாகத் தெரிகிறது. பலகையைத் திருப்பி விளிம்பில் பார்த்தால் வெறும் கோடு. சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தித் தேய்த்த மாதிரி. சிலேட் ஏன் தகடு தகடாகப் பிளக்கிறது என்று யோசித்த புவியியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி, 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் புள்ளிகளை ஆதாரமாகக் காட்டி, அமுக்கம்தான் காரணம் என்று வாதாடினார்.

நான் தேடுவது வடிவத்தை அல்ல, வேதியியலை. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தது, சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் நசுங்கிச் சூடானபோது, அதிலிருந்த மைக்காவுக்கு, அதாவது காக்காப்பொன்னுக்கு, என்ன ஆனது?

9 அக்டோபர்

பலகையின் ஒரு மூலையை மென்மையாக நொறுக்கினேன். அதிகம் அரைத்தால் மைக்காவின் அடுக்குகளே சிதைந்துவிடும். தூளை நீரில் கலக்கி உயரமான குவளையில் விட்டேன். 2 மைக்ரானை விடப் பெரிய துகள்கள் 5 செ.மீ. கீழே இறங்க, அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருந்து, நுண்துகள்கள் மட்டும் மிதக்கும் மேல்நீரை எடுக்க வேண்டும். நான் 40 நிமிடத்தில் எடுத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் எக்ஸ்-கதிர் கருவியில் ஓட்டிவிடலாம் என்ற அவசரம்.

10 அக்டோபர்

எக்ஸ்-கதிர் வரைபடம் வந்தது. படிக அடுக்குகளின் இடைவெளி 10 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) என்று காட்டும் இடத்தில் மைக்காவின் சிகரம் ஊசி மாதிரி நிற்கிறது. பார்த்ததும் சந்தோஷம், அப்புறம் சந்தேகம்.

புவியியலாளர் பெர்னார்ட் கூப்ளர் 1960-களில் கொடுத்த அளவுகோல் இந்தச் சிகரத்தின் அகலம்தான்: பாதி உயரத்தில் எத்தனை டிகிரி. 0.42-க்கு மேல் என்றால் பாறை இன்னும் உருமாற்றத்தை, அதாவது வெப்பமும் அழுத்தமும் கனிமங்களை மாற்றும் நிலையை, தொடவில்லை. 0.42-க்கும் 0.25-க்கும் நடுவில் இடைநிலை. 0.25-க்குக் கீழே உண்மையான உருமாறிய பாறை. அகலம் என்பது தடிமனின் நிழல். இடைநிலையில் ஒரு படிகத்தில் ஏறத்தாழ 23 முதல் 52 அடுக்குகள் இருக்கும். அடுக்கு கூடக் கூடச் சிகரம் ஒல்லியாகும்.

என் சிகரம் 0.25-க்கு வெகு கீழே. ஆனால் 40 நிமிட நீரில் 5 மைக்ரான் துகள்கள் வரை மிதந்திருக்கும். அவற்றில் பல இந்தப் பாறையில் வளர்ந்த மைக்காவே அல்ல. வேறொரு பழைய மலையில் பிறந்து, ஆற்றோடு வந்து சேற்றில் விழுந்த காக்காப்பொன் துணுக்குகள். அளந்தது அந்த மலையின் வெப்பத்தையும் சேர்த்துத்தான். இந்தக் கலவையைப் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வயது பார்த்தால் இன்னும் மோசம்: சேற்றுக்கு முந்திய வயதும் பிளவுபட்ட காலமும் கலந்து, எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத ஒரு எண் வரும்.

11 அக்டோபர்

மீண்டும் செய்தேன், முழு நேரமும் காத்திருந்து. இப்போது 0.25-ஐ ஒட்டி, சற்றே கீழே. இதை நம்புகிறேன்.

16 அக்டோபர்

தூள் படிந்த கண்ணாடித் தகட்டை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்து மறுபடி ஓட்டினோம். ஸ்மெக்டைட் என்ற வீங்கும் களிமண் கனிமம் மிச்சமிருந்தால் அது கிளைக்காலைக் குடித்து 17 ஆங்ஸ்ட்ராம் வரை வீங்கும். ஒன்றும் நகரவில்லை. சேற்றுக்காலத்து ஸ்மெக்டைட் முழுக்க மாறிவிட்டது.

ஸ்மெக்டைட் மைக்காவாகும் இந்த மாற்றத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. மைக்காவின் சிலிக்கா தளத்தில் நான்கு இருக்கைகள். சிலிக்கான் எழுந்த இடத்தில் அலுமினியம் அமர்ந்தால் ஒரு நேர்மின்சுமை குறையும். அதை ஈடுகட்ட இரண்டு அடுக்குகளின் நடுவே பொட்டாசியம் நுழைய வேண்டும். அது பெரும்பாலும் கரைந்துபோன ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து வருகிறது. மைக்கா போன்ற களிமண் கனிமமான இல்லைட்டில் பொட்டாசியம் இருக்கைகள் முழுதும் நிரம்பியிருக்காது, வெள்ளை மைக்காவான மஸ்கோவைட்டில் நிரம்பிவிடும். வெளியேறிய சிலிக்கா குவார்ட்ஸ் ஆகிறது, மெக்னீசியமும் இரும்பும் குளோரைட் என்ற பச்சைக் கனிமத்துக்குப் போகின்றன. குவாரியில் பார்த்த வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் இந்தச் சிலிக்காவும் கொஞ்சம் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

24 அக்டோபர்

இன்று மைக்ரோபுரோப், எலக்ட்ரான் கற்றையால் ஒரு துகளின் வேதியியலை அளக்கும் கருவி. எலக்ட்ரான் கற்றையை ஒரே புள்ளியில் குவித்தால் மைக்காவிலிருந்து பொட்டாசியம் நம் கண்ணெதிரே ஓடிவிடும். நல்ல மஸ்கோவைட்கூட இல்லைட் மாதிரி எண் காட்டும். கற்றையை அகலப்படுத்தினால் பக்கத்துக் குளோரைட்டும் சேர்ந்து அடிபடும். அதனால் பெரிய துகளாகத் தேடித் தேடிப் புள்ளி வைத்தேன். ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை 95-ஐ ஒட்டி வந்தால் சரி. மீதி நீர், அது இந்தக் கருவிக்குத் தெரியாது.

சாயங்காலம் ஒரு துகள் கிடைத்தது. வளைந்து, நடுவில் ஒடிந்த பழைய வெள்ளை மைக்கா. ஒடிந்த இடைவெளியிலும் இரண்டு முனைகளிலும் புது மைக்கா நார்நாராக, சிலேட் பிளக்கும் தளத்தின் திசையிலேயே வளர்ந்திருக்கிறது. பழையதின் நடுவில், நான்கு இருக்கைகளில் சிலிக்கான் 3-ஐ ஒட்டி, மெக்னீசியம் மிகக் குறைவு. புது நாரில் சிலிக்கான் 3-ஐத் தாண்டியிருக்கிறது, கூடவே மெக்னீசியமும் இரும்பும். குறைந்த வெப்பத்தில் பிறந்த மைக்கா இன்னும் கொஞ்சம் மெக்னீசியத்தைக் கையில் வைத்திருக்கிறது. வெப்பம் ஏறினால் அதையும் விட்டிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை ஒரு மைக்ரான்கூட இல்லை. திரையில் அது ஒரு மெல்லிய சாம்பல் கோடு.