மெழுகு வளையத்துக்குள் ஒரு சொட்டு வினிகர்

கோழிக்கால் எலும்பை வினிகரில் ஊறப் போட்டால் சில நாளில் ரப்பர் மாதிரி வளையும். அதை முன்பே செய்துவிட்டேன். இந்த முறை நான் பார்க்க நினைத்தது வேறு. நம் உடம்பில் ஆஸ்டியோக்ளாஸ்ட் என்ற செல்கள் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கின்றன. அப்படியும் பக்கத்திலிருக்கும் எலும்புக்கு ஒன்றும் ஆவதில்லையே, எப்படி?

அந்த செல் எலும்பின் மேல் கவிழ்த்த கிண்ணம் போல உட்கார்ந்து, விளிம்பைச் சுற்றிலும் இறுக்கி ஒட்டிக்கொள்கிறது. அடியில் அகப்பட்ட இடுக்குக்குள் மட்டும் ஹைட்ரஜன் அயனிகளைப் பம்பு செய்கிறது; குளோரைடும் கூடவே போகிறது. நம் வயிற்றில் சுரக்கும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 வரை இறங்குகிறது. இந்தப் பம்பு பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்கு எலும்பு கல்லாக இறுகும். ஆனால் எளிதில் முறியும்.

சரி, கிண்ணத்துக்கு என்ன செய்வது? கறிக்கடையில் ஆட்டின் தோள்பட்டை எலும்பு கேட்டு வாங்கினேன், தட்டையாக இருக்கும் என்று. வேகவைத்து, சுரண்டிக் காயவைத்தேன். வெறும் சொட்டாக வைத்த வினிகர் பரவிக் காய்ந்துபோனது. மெழுகுவர்த்தியை உருக்கி வளையம் கட்டினேன், அடியில் கசிந்தது. எலும்பை வெயிலில் சூடாக்கி மறுபடி ஊற்றியதும் மெழுகு நன்றாகப் பிடித்துக்கொண்டது.

காலையும் மாலையும் பழைய வினிகரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதிதாக விட்டேன். சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அமிலம் தீர்ந்துவிடும், அதனால்தான். ஆஸ்டியோக்ளாஸ்ட் செல்லும் இப்படித்தான், பம்பை நிறுத்துவதில்லை. கரைந்ததை உள்ளே இழுத்து முதுகுப்பக்கமாக வெளியே தள்ளுகிறது. ஊசிமுனை அளவு குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

ஆறாம் நாள் மெழுகைப் பெயர்த்துவிட்டு ஊசியால் குத்தினேன். வளையத்துக்கு வெளியே 'டிக்' என்று தட்டியது. உள்ளே மெத்தென்று இறங்கியது.

ஆனால் குழி விழவில்லை. தாது போன இடத்தில் கொலாஜன் என்ற புரதம் தோல் மாதிரி அப்படியே கிடந்தது. அதை வெட்ட செல்லிடம் கெத்தெப்சின் கே என்ற நொதி இருக்கிறது. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் அதே குடும்பம். கறி வேக பப்பாளிக்காய் போடுகிறோமே, அந்தச் சத்துதான். இடத்தை நன்றாகக் கழுவிவிட்டு, காயைக் கீறி வடிந்த பாலை அதில் தடவினேன். வினிகர் படாத இன்னொரு இடத்திலும் கொஞ்சம்.

மறுநாள் காலை வளையத்துக்குள் இருந்தது கொழகொழவென்று பல்குத்தும் குச்சியோடு வந்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நிஜமான குழி. வினிகர் படாத இடத்தில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவினேன், கீழே எலும்பு பழையபடி வழவழவென்று இருந்தது.