அப்பாவோட கையெழுத்து

இன்னைக்கு காலையில சொக்சோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாரத்துல அப்பா கையெழுத்து போட்டாரு. இடது கையில.

ஒரு எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டுன வலது கை, இப்ப பேனாவக்கூட பிடிக்க மாட்டேங்குது.

வேலை முடிஞ்சு அப்பா மோட்டார் சைக்கிள்ல வர்றப்ப சுங்கை சிப்புட் ரோட்டுல சிம்பாங்ல (சந்தியில) இருந்து வந்த காரு இடிச்சிருச்சு. ரோட்டுல அடிபட்டா சொக்சோ கிடைக்காதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேரு விட்டுர்றாங்க, அப்படி இல்லைங்க, வேலைக்குப் போற வர்ற வழியில நடந்தாலும் 1969 சொக்சோ சட்டத்துல இடம் இருக்கு. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் செஞ்சிருங்க, எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று), எக்ஸ்ரே ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. கார் இன்சூரன்ஸ்ல கேக்குறது தனி கேஸ், அதுக்கு லோயரப் பாக்கணும்.

எவ்வளவு கிடைக்கும்னு அப்பா கேக்கவே இல்ல.

"மறுபடி தோட்டத்துக்குப் போலாமாம்மா?"ன்னுதான் கவுண்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்டாரு.