மலாவியில் நாலு வாரம்

ஜனவரி 6, 2024, சனி

வந்து சேர்ந்தேன். திருவனந்தபுரம், மும்பை, அடிஸ் அபாபா, கடைசியில் பிளான்டயரின் சிலேக்கா விமான நிலையம். பெட்டியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரின் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம்) ஃபில்டர், வால்வு, கப்பாசிட்டர். சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, "பாஸ்டரா, மெக்கானிக்கா?" என்று கேட்டார். மெக்கானிக் என்றேன். மூன்று நாளுக்கு முன்னால் ஊர்ச் சபையில் வழியனுப்பு ஜெபம் நடந்தபோது என்னை 'மிஷனெரி' என்று அறிவித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அம்மா பொதிந்து தந்த நெத்திலிக் கருவாட்டைச் சுங்கத்துக்குப் பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அந்த அதிகாரி அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்.

கிளம்பும்போது சபைச் செயலர் சொன்னது: "மக்களே, பிள்ளைகளோட நிக்கிற போட்டோ மறக்காம அனுப்பணும், கேட்டியா. அடுத்த வருஷக் காணிக்கைக்கு அதுதான் வேணும்."

ஜனவரி 7, ஞாயிறு

ஆராதனை மூன்று மணி நேரம். கொயர் மட்டும் ஐந்து. ஒன்று பாடி முடித்து உட்காரும் முன்பே அடுத்தது எழுந்துவிடுகிறது. காணிக்கைப் பை நம்மைத் தேடி வருவதில்லை. பாடிக்கொண்டே நாம் முன்னால் போய்ப் போட வேண்டும். எனக்கு ஆடவும் வரவில்லை, நடக்கவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்தேன். பின்னால் வந்த பாட்டிமார் சிரித்தார்கள்.

ஸ்காட்லாந்து மிஷனெரிகள் பிளான்டயருக்கு வந்தது 1876-ல். ஆப்பிரிக்காவில் பயணித்த மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்தில் பிறந்த ஊரின் பெயரைத்தான் இந்த ஊருக்கு வைத்தார்கள். வடக்கே இருந்த லிவிங்ஸ்டோனியா மிஷனும் பிளான்டயர் மிஷனும் ஒன்றாகி மத்திய ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை ஆனது 1924-ல். ஆக, இது நூறாவது வருடம்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் "ம்வேன்யே, ம்வேன்யே" என்று கூவினார்கள். வெள்ளைக்காரர் என்றால் 'மசுங்கு'. ம்வேன்யே என்றால் இந்தியர். டவுனில் பல கடைகளின் கல்லாவில் இருப்பவர்கள் குஜராத்தி வழியினர். அதனால் ஒரு சின்னப் பையன் என்னிடம் சர்க்கரை விலை கேட்டான்.

ஜனவரி 9, செவ்வாய்

மிஷன் ஆஸ்பத்திரி தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் எழுதப் போவதில்லை. முகப்பில் நின்றால் முலாஞ்சே மலை தெரியும். அதன் உச்சி சபித்வா, 3,002 மீட்டர். எங்கள் கன்னியாகுமரி மாவட்ட நெய்யூர் ஆஸ்பத்திரியில் வேலை செய்த சாமர்வெல் டாக்டர் 1922, 1924 என இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். அவராக இருந்தால் முதல் லீவு நாளிலேயே ஏறியிருப்பார். எனக்கு ஸ்டோர் ரூம்தான் வாய்த்தது.

பராமரிப்பு வேலை முழுவதையும் பார்ப்பது ஒரே ஒரு பெரியவர். அறுபதை நெருங்கும் வயது. நான் 'அபாம்போ' என்கிறேன். அப்பா என்பதும் ஐயா என்பதும் சேர்ந்த மாதிரியான சொல். அவர் என்னை 'அச்சிம்வேனே' என்கிறார், தம்பி, சகோதரா. அம்மாமாரை 'அமாயி' என்பார்கள். காது பழகிய சொல் மாதிரியே இருக்கிறது.

ஸ்டோர் கதவைத் திறந்து காட்டினார். பதினொரு கான்சென்ட்ரேட்டர்கள், எல்லாம் நன்கொடை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஏதாவது ஒரு சபையின் ஸ்டிக்கர், ஒரு வசனம். நாலு இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் சரக்கு. இங்கே வருவது 230. யாரோ புண்ணியவான் அந்த நாலிலும் இங்கத்திய மூன்று சதுரக் கால் பிளக்கை மாட்டி வைத்திருக்கிறார்.

"இந்தப் பிளக்குகளை வெட்டிவிடலாம், அச்சிம்வேனே," என்றார் பெரியவர்.

"வேண்டாம், டிரான்ஸ்பார்மர் கிடைத்தால் ஓட்டலாம். இருக்கட்டும்," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 12, வெள்ளி

வேலை நன்றாகப் போகிறது. படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். இந்தப் பெட்டிக்குள் இரண்டு குழாய்களில் ஜியோலைட் மணிகள் இருக்கும். அழுத்தத்தோடு காற்றை உள்ளே தள்ளினால் மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். ஒரு குழாய் வேலை செய்யும்போது மற்றது பிடித்ததை வெளியே விடும். மாறி மாறி 'புஸ்... புஸ்' என்று கேட்குமே, அந்தச் சத்தம்தான். புது இயந்திரம் 90 சதவீதத்துக்கு மேல் தரும். 82-க்குக் கீழே போனால் வார்டுக்கு அனுப்பக் கூடாது.

முதலில் எடுத்ததை மீட்டரில் வைத்தேன். 61. மூடியைத் திறந்தால் ஃபில்டர் இருக்கும் இடத்தில் சிவப்பு மண். ஃபில்டரையும் வால்வையும் மாற்றியதும் 91. துள்ளிக் குதித்தேன். பெரியவர் ஒரு நோட்டை எடுத்துத் தேதி, நம்பர், 61, 91 என்று பொறுமையாக எழுதினார். நோட்டு 2011-லிருந்து இருக்கிறது. என்னைப் போல ஸ்பேர் பார்ட்ஸோடு வந்துபோனவர்களின் கையெழுத்தும் அதில் உண்டு. சில இயந்திரங்களை அவரவர் முறைக்கு மூன்று பேர் 'சரி செய்து' இருக்கிறார்கள்.

ஃபில்டர் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மெத்தைப் பஞ்சை வெட்டி, துவைத்து, காயவைத்து வைத்திருந்த ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். அளவு கச்சிதம்.

ஜனவரி 15, திங்கள்

இன்று சிலெம்ப்வே நாள் (ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த போதகர் ஒருவரின் நினைவு), அரசு விடுமுறை. பெரியவரின் தாய்வீடு சிராட்சுலு பக்கம். "வா, சரித்திரம் காட்டுகிறேன்," என்று மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழியில் பிளான்டயரில் செயின்ட் மைக்கேல் தேவாலயத்தையும் பார்த்தோம். டேவிட் கிளமென்ட் ஸ்காட் என்ற மிஷனெரி, கட்டடக்கலை படிக்காமலேயே, இங்கத்திய ஆட்களை வைத்துச் செங்கல் சுட்டு 1891-ல் கட்டி முடித்தது. அண்ணாந்து பார்த்தேன், கழுத்து வலித்தது. பெரியவர் வாசலிலேயே நின்றார். "இது அவர்கள் கட்டினது. நம்முடையது அங்கே இருக்கிறது."

அவர் சொன்ன 'அங்கே', எம்பொம்ப்வே. ஜான் சிலெம்ப்வே அமெரிக்காவில் வேதாகமக் கல்லூரியில் படித்து, குருப்பட்டம் பெற்று 1900-ல் திரும்பி வந்து பள்ளிகளையும் சபையையும் தொடங்கிய இடம். இங்கே 500 குவாச்சா நோட்டில் இருப்பவர் அவர்தான். பக்கத்து எஸ்டேட், மிஷனெரி லிவிங்ஸ்டனின் மருமகன் புரூஸின் குடும்பச் சொத்து. அதன் மேனேஜர் பெயரும் லிவிங்ஸ்டன்தான்: வில்லியம் ஜெர்விஸ். நிலத்தில் குடியிருப்பதற்கு வாடகையாக உடலுழைப்பு. அதற்கு 'தங்காத்தா' என்று பெயர். எஸ்டேட்டில் ஜனங்கள் கட்டிய ஜெபவீடுகளை அந்த மேனேஜர் கொளுத்தினார். 1914-ல் முதல் உலகப் போருக்கு ஆள் பிடித்தபோது, இது எங்கள் யுத்தமா என்று கேட்டு சிலெம்ப்வே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1915 ஜனவரி 23 இரவு கலகம் வெடித்தது. மேனேஜரின் தலையை வெட்டி எடுத்து வந்தார்கள். மறுநாள் ஞாயிறு. அந்தத் தலையை வைத்துக்கொண்டு சிலெம்ப்வே ஆராதனை நடத்தினார்.

இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஞாயிறு பள்ளியில் இப்படி ஒரு போதகரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பெரியவரும் அதை நியாயப்படுத்தவில்லை. "அதுவும் நடந்தது," என்றார். பிப்ரவரி 3-ல் சிலெம்ப்வேயைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கட்டிய செங்கல் கோவிலை அரசாங்கம் வெடி வைத்துத் தகர்த்தது. இப்போது நிற்பது பிறகு கட்டியது. அவருடைய சபையில் வளர்ந்து, அமெரிக்கா போய் டாக்டராகி, 1926-ல் திரும்பி வந்த டேனியல் மலேக்கெபு எழுப்பியது.

மனதில் தங்கிவிட்டது தொப்பி விஷயம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் எதிரே வந்தால் கறுப்பர் தொப்பியைக் கழற்ற வேண்டும். சிலெம்ப்வே தொப்பியோடு நின்று, வெள்ளைக்கார நண்பரான சோர்லி பக்கத்தில் நிற்க, 1914-ல் ஒரு படம் எடுத்துக்கொண்டார். மலாவிக்காரச் சிற்பி சாம்சன் கம்பாலு அதைச் சிலையாக்க, 2022-ல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். சிலெம்ப்வே பெரிதாக, சோர்லி சின்னதாக.

மினிபஸ்ஸில் திரும்பும்போது பெரியவருக்கு எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். என் பாட்டியின் பாட்டி காலத்தில் எங்கள் பெண்கள் தோளில் சீலை போட்டால் கிழிப்பார்கள், மிஷனெரிமார் தைத்துக் கொடுத்த குப்பாயத்துக்கும் அடிதான், கலகம், நெருப்பு, 1859-ல்தான் திருவிதாங்கூர் மகாராஜா அனுமதி கொடுத்தார். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உங்கள் மிஷனெரிகள் உங்கள் பக்கம் நின்றார்களா?" என்று கேட்டார். மீட் ஐயரைப் போல (ஊரில் பாதிரியாரை ஐயர் என்போம்) சிலர் நின்றார்கள் என்றேன். "அதிர்ஷ்டம்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 19, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

நேற்று இரவு இரண்டு மணி. பிள்ளைகள் வார்டில் இரண்டு கான்சென்ட்ரேட்டர்கள் ஓடுகின்றன. நிமோனியாவோடு ஒன்று, மலேரியாவும் ரத்தசோகையுமாக இன்னொன்று. மூன்றாவதாக ஒரு குழந்தை வந்தது. மூச்சிழுப்பில் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. நர்ஸ் என்னை எழுப்பினார். ஸ்டோரில் பல்பு இல்லை, கையில் போன் வெளிச்சம். சரி செய்த வரிசையிலிருந்து எடுப்பதாக நினைத்து அடுத்த வரிசையிலிருந்து ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பிளக் பொருந்தியது. ஸ்விட்சைப் போட்டேன்.

சத்தம், புகை. வார்டு முழுவதும் இருட்டு. ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களும் நின்றுபோயின.

அந்த 'புஸ்... புஸ்' நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்டன. நர்ஸ் இருட்டிலேயே சிலிண்டரை உருட்டி வந்து குழாயை மாற்றினார். பெரியவர் வெறுங்காலோடு ஓடி வந்து, எரிந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு பிரேக்கரைத் தூக்கினார். நாலைந்து நிமிடம் இருக்கும். பிறகு ஒரே இயந்திரத்திலிருந்து கிளை பிரித்து இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

புதிதாக வந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. மலேரியாக் குழந்தை விடியும் முன் போய்விட்டது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, அது மூளை மலேரியா, ரத்தமும் ஏற்றியாகிவிட்டது, அந்த நிமிடங்களால் இல்லை என்று சொன்னார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நான் அந்த அமாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சிட்டெஞ்சே துணியை அவிழ்த்துப் பிள்ளையைச் சுற்றினாள். மூலைகளை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

பெரியவர் வந்து "பெப்பானி" என்றார். இங்கே ரோட்டில் கல் தடுக்கினாலும், தடுக்கியவனைப் பார்த்து மற்றவர்கள் பெப்பானி என்பார்கள்: வருத்தப்படுகிறேன், பாவம், ஐயோ. நான் சொல்ல வேண்டிய சொல்லை அவர் சொன்னார்.

காலையில் கட்டிங் பிளேயரைக் கேட்டு வாங்கி, நாலு பிளக்குகளையும் நானே வெட்டினேன்.

ஜனவரி 20, சனி

வேலை இல்லை. செயலரிடமிருந்து வாட்ஸ்அப்: "ஸ்தோத்திரம் தம்பி. போட்டோ?"

ஜனவரி 24, புதன்

பெரியவர் வீட்டில் சாப்பாடு. அவர் மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார், கை கழுவினேன். மக்காச்சோள மாவில் கிண்டிய ன்சிமா. நம்முடைய களி, நிறம் மட்டும் வெள்ளை. தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை, வறுத்த உசிப்பா. ஏரியிலிருந்து வரும் பொடிமீன். வாயில் போட்டதும் அப்படியே நெத்திலிக் கருவாடு! கண் கலங்கிவிட்டது, காரம் என்று சமாளித்தேன். அதில் மிளகாயே இல்லை.

ஜனவரி இங்கே பஞ்ச மாதம். பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதுசு ஏப்ரலில்தான். இந்த வருடம் மழையும் விட்டு விட்டுப் பெய்கிறது. நவம்பரில் குவாச்சாவின் மதிப்பை இறக்கியதில் டாலரின் விலை 44 சதவீதம் கூடியது, கடையில் எல்லா விலையும் ஏறிவிட்டது. பல வீடுகளில் மரச்சீனிக் கிழங்கை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். இதெல்லாம் தெரிந்துகொண்டே இரண்டாம் முறை ன்சிமா வாங்கினேன். வேண்டாம் என்றால் அவர் மனைவி வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஊரில் எழுதி வைத்திருந்த தாள் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. நான் பிறந்தது 1838-ல் மிஷனெரிமார் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரியில் என்றும், என் தவறால் இங்கே ஒரு இயந்திரம் எரிந்தது என்றும் சொன்னேன். பெரியவர்தான் மொழிபெயர்த்தார். இரண்டாவது வாக்கியத்தை அவர் மொழிபெயர்த்தாரா, வேறு ஏதாவது சொன்னாரா தெரியாது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜனவரி 31, புதன்

கணக்கு: பதினொன்றில் ஆறு ஓடுகின்றன. ஒன்றின் ஜியோலைட் ஈரம் குடித்துக் கெட்டுவிட்டது. நாலு 110-களையும் பிரித்து, உதவும் குழாய்களையும் சக்கரங்களையும் டப்பாக்களில் போட்டோம். டப்பாக்களில் பெரியவரே பெயர் எழுதினார்.

செயலருக்கு எழுதினேன்: அடுத்த வருஷம் ஆள் வேண்டாம். விமான டிக்கெட் பணத்துக்கு ஸ்டெபிலைசரும் ஃபில்டரும் வாங்கி அனுப்பலாம். பெரியவரிடம் வேலை பழகும் பையனின் படிப்புக்கும் கொடுக்கலாம். பதில்: "ஐயர்கிட்ட பேசுறேன். நல்ல யோசனை. போட்டோ?"

பெரியவரிடம் கேட்டேன். தொப்பி எடுத்து வர வேண்டும் என்று வீட்டுக்குப் போனார். தொப்பியோடும் நோட்டோடும் ஆறு இயந்திரங்களுக்கு முன்னால் நின்றார். அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, சனி

அடிஸ் அபாபா. அடுத்த விமானத்துக்கு நாலு மணி நேரம். பையைத் திறந்தால் செய்தித்தாளில் பொதிந்த உசிப்பா. பெரியவரின் மனைவி எப்போது வைத்தாரோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

போனில் பெரியவர்: "ஐந்தாம் நம்பர் 84 காட்டுகிறது. நேற்று 90."

வால்வைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கழற்றினேன், சுத்தமாக இருக்கிறது என்றார். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா பாருங்கள் என்றேன்.

பத்து நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது. இணைப்பு ஒன்றின் ஓரத்தில் கடுகளவு குமிழி.