டீ தண்ணியும் அஞ்சு ரூபா பாக்கெட்டும்

அங்கன்வாடில வேல பாக்கறவங்க காதுல தெனம் விழற ஒரே பாட்டு, "டீச்சர் எம் புள்ள சாப்பிடவே மாட்டேங்குது, எதாவது டானிக் இருந்தா சொல்லுங்க". சொல்றவங்க பொய் சொல்லல, வீட்ல நெஜமாவே சாப்பிடறதில்ல. ஆனா அதே புள்ள எங்க சென்டர்ல மதியம் தட்ட வழிச்சு சாப்பிட்டு இன்னும் கொஞ்சம்னு வந்து நிக்கும், அத நான் சொன்னா அம்மாக்கள் நம்பவே மாட்டாங்க, சில பேருக்கு கோவம் கூட வரும், "அப்போ எங்க சமையல் நல்லா இல்லன்றீங்களா"ன்னு. சமையல்ல ஒண்ணும் இல்லங்க. எங்க சாப்பாடு ஒண்ணும் விருந்து கெடையாது, தக்காளி சாதம், எலுமிச்ச சாதம், பருப்பு சாதம், இவ்வளவுதான். இத்தன வருஷமா பாத்ததுல எனக்கு புரிஞ்சது, முக்கால்வாசி புள்ளைங்க விஷயத்துல பிரச்சன தட்டுல இருக்கறது இல்ல, தட்டு வர்றதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள என்ன போச்சுன்றதுலதான் இருக்கு.

நான் இருக்கறது தருமபுரி மாவட்டத்துல பென்னாகரம் பக்கம். இங்க நெறைய வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிருப்பாங்க, புள்ளைங்க பாட்டிகிட்டதான் வளரும். பாட்டிகளுக்கு ஏற்கனவே மாடு, ஆடு, நூறு நாள் வேலன்னு ஆயிரம் இருக்கு. காலைல ஏழு மணிக்கு எழுந்த உடனே புள்ளைக்கு ஒரு டம்ளர் டீ, தொட்டுக்க ரெண்டு பொறை இல்லன்னா பிஸ்கட். அதுல வயிறு பாதி அடைஞ்சிரும். ஒம்போது மணிக்கு சோறோ களியோ வச்சா வேணாம்னு மூஞ்சிய திருப்பிக்கும். சரி சென்டருக்கு போலாம்னு கூட்டிட்டு கெளம்புனா வழில ஒரு பொட்டிக்கட, அங்க விரல்ல மாட்டிக்கிற குடல் அப்பளமோ, உள்ள ப்ளாஸ்டிக் பொம்ம வச்ச அஞ்சு ரூபா பாக்கெட்டோ வாங்கிக் குடுத்தாதான் அடுத்த அடி எடுத்து வைக்கும். பத்து மணிக்கு எங்ககிட்ட வந்து சேரும்போது அந்தப் புள்ள "ஒண்ணுமே சாப்பிடாத புள்ள"தான், பாட்டி கணக்குல. ஆனா சக்கரத்தண்ணி, மைதா, எண்ண, உப்பு எல்லாம் உள்ள போயாச்சு. மூணு வயசு புள்ளைக்கு வயிறு எவ்வளவு பெருசு இருந்துரும் சொல்லுங்க.

டீ விஷயத்துல மட்டும் நான் கொஞ்சம் கறாரா இருப்பேன், அதுக்கு காரணம் இருக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கற புள்ளைங்கள்ல நூத்துக்கு 57 பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு, பாதிக்கும் மேல. சாப்பாட்டோட சேர்த்து டீ குடிச்சா கீரைலயும் ராகிலயும் இருக்கற இரும்புச்சத்த ஒடம்பு ஒழுங்கா எடுத்துக்காது. நாம ஒரு பக்கம் இரும்புச்சத்து டானிக் குடுத்துட்டு இருப்போம், அந்தப் பக்கம் பாட்டி டீய ஊத்திட்டு இருப்பாங்க. ஒரு பாட்டிகிட்ட சொன்னேன், "பாட்டி, காலைல புள்ளைக்கு டீ வேணாமே, ராகிக் கூழ் கரைச்சு குடுங்க"ன்னு. அதுக்கு அவங்க, "ஏன் டீச்சரம்மா, கூழு எங்க காலத்துல வேற வழியில்லாம குடிச்சது, எம் பேரனுக்கும் அதத்தான் ஊத்தணுமா"ன்னு கேட்டாங்க. எனக்கு சட்டுன்னு பதில் வரல. அவங்க சொன்னதுல ஒரு வலி இருக்கு இல்லீங்களா. ராகி வெளையற மண்ணு இது, 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, சிட்டில சூப்பர்மார்க்கெட்ல அழகா பாக்கெட் போட்டு விக்கறாங்க, ஆனா இங்க அது கஷ்டப்பட்டவங்க சாப்பாடுன்னு மனசுல பதிஞ்சு போச்சு, பிஸ்கட்தான் வசதியோட அடையாளம். கீரையும் அப்படித்தான், வீட்டுக்கு ரெண்டு முருங்க மரம் நிக்குது, ஆட்டுக்கு ஒடிச்சுப் போடறாங்க. அதனால சத்து கித்துன்னு லெக்சர் அடிச்சா இங்க எடுபடாது. இப்பெல்லாம் நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, டீ குடுக்கணும்னா குடுங்க, ஆனா மொதல்ல சோறு, அதுக்கு ரொம்ப நேரம் கழிச்சு டீ. முழுசா நிறுத்துங்கன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, நேரத்த மாத்துங்கன்னு சொன்னா நாலு பேராவது கேக்கறாங்க.

சத்துமாவு கதைய சொல்லியே ஆகணும். கோதுமை, ராகி, கடலப்பருப்பு, வெல்லம் எல்லாம் போட்டு அரசாங்கம் குடுக்கற மாவு, நல்ல மாவுதான். வீட்டுக்கு குடுத்து விடற பாக்கெட் சில வீட்ல மாட்டுத்தொட்டிக்கு போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும், நானே கண்ணால பாத்திருக்கேன், மாடு நல்லா பளபளன்னு இருக்கும். கேட்டா "கஞ்சி வச்சா புள்ள துப்புது"ன்னு பதில் வரும். கஞ்சியா வச்சா துப்பத்தான் செய்யும், ஆறிப்போச்சுன்னா கொழகொழன்னு பச மாதிரி ஆயிடும், எனக்கே பிடிக்காது. எங்க உதவியாளர் அக்கா அத லேசா வறுத்து, வேர்க்கடலைய பொடி பண்ணி கலந்து, சுடுதண்ணி தெளிச்சு சின்னச் சின்ன உருண்டையா பிடிச்சு வைப்பாங்க. பெருசா பிடிக்கக் கூடாது, புள்ளையோட உள்ளங்கைல அடங்கணும், அப்பத்தான் அது "என்னுது"ன்னு வாங்கிட்டு போய் திங்கும். கொழுக்கட்டையா பிடிச்சு ஆவில வேக வச்சாலும் ஓடிரும். மாசத்துல ஒரு நாள் அம்மாக்களையும் பாட்டிகளையும் உக்கார வச்சு அந்த அக்காவ செஞ்சு காட்ட சொல்லுவேன், நான் வாயே திறக்க மாட்டேன். நான் பேசினா மீட்டிங், அக்கா பேசினா சமையல்.

மதிய சாப்பாட்டுக்கு எங்ககிட்ட பெரிய ரகசியம் ஒண்ணும் கெடையாது. சோப்பு போட்டு கை கழுவிட்டு வரிசையா பாய்ல உக்காருவாங்க, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், போன் கெடையாது, தொரத்தி ஊட்டறது கெடையாது. புதுசா சேர்ற புள்ள மொத வாரம் சோத்த வெறிச்சு பாத்துட்டு உக்காந்திருக்கும், வீட்ல ரைம்ஸ் போட்டாதான் வாய தொறக்கும்னு அம்மா சொல்லி விட்டிருப்பாங்க. அத நல்லா சாப்பிடற புள்ள பக்கத்துல உக்கார வச்சிருவேன். அவ்வளவுதான். வாய்ல சோத்த அடக்கி வச்சுக்கிட்டு முழுங்காம அர மணி நேரம் உக்காந்திருந்த ஒரு பையன், பக்கத்துல உக்காந்த பொண்ணு ரெண்டாவது தடவ சோறு வாங்கறத பாத்துட்டு அவசர அவசரமா முழுங்கிட்டு தட்ட நீட்டினான், அவனுக்கு சோறு முக்கியம் இல்ல, அவளுக்கு கெடைக்கறது தனக்கும் கெடைக்கணும். எனக்கென்ன, எப்படியோ உள்ள போனா சரி. வீட்ல ஒத்தப் புள்ளைய தனியா உக்கார வச்சு மூணு பெரியவங்க சுத்தி நின்னு "சாப்பிடு சாப்பிடு"ன்னு சொன்னா நமக்கே தொண்டைல எறங்காது.

முட்டை இன்னொரு பஞ்சாயத்து. முட்ட போடற நாள்ல ஒருத்தரும் லீவு போட மாட்டாங்க, ஆனா வெள்ளைய தின்னுட்டு மஞ்சக்கருவ பாய்க்கு அடில ஒளிச்சு வைக்கற ஆளுங்க உண்டு, சாயங்காலம் பாய் சுருட்டும்போதுதான் தெரியும். மஞ்சக்கரு தொண்டைல ஒட்டும், தண்ணி இல்லாம எறங்காது, அதான் காரணம். அதனால அக்கா மஞ்சக்கருவ முன்னாடியே தனியா எடுத்து சூடு சாதத்துல போட்டு கரண்டியால நல்லா மசிச்சு விட்டாங்கன்னா நெய் சோறு மாதிரி மஞ்சளா வந்துரும், யாரும் கண்டுபிடிக்கறதில்ல. அப்புறம் புரட்டாசி வந்துரும். இங்க பெருமாள் கும்பிடற வீடு நெறைய, அந்த மாசம் முழுக்க "எங்க புள்ளைக்கு முட்ட வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. வீட்ல வேணாம்னு சொன்னா நான் வைக்க மாட்டேன், அது அவங்க நம்பிக்க, அதுல கை வைக்க நமக்கு உரிம இல்ல, அந்தப் புள்ளைங்களுக்கு வாழப்பழம் வாங்கி வச்சிருவேன். ஆனா பக்கத்துத் தட்டுல உருள்ற முட்டையவே பாத்துட்டு கண்ணு கலங்கி உக்காந்திருக்கற நாலு வயசுகாரன்கிட்ட பெருமாள எப்படி விளக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

மாசா மாசம் எட போடுவோம். அன்னைக்கு சென்டர் கோர்ட்டு மாதிரி ஆயிடும், அம்மாக்கள் ஒருத்தர் புள்ளையோட எடைய இன்னொருத்தர் எட்டிப் பாப்பாங்க, "அவ புள்ள 14, எம் புள்ள 12 தானா"ன்னு அங்கயே புள்ளைய திட்ட ஆரம்பிச்சிருவாங்க. நான் திரும்பத் திரும்ப சொல்றது, பக்கத்து வீட்டு புள்ளைய பாக்காதீங்க, வளர்ச்சி அட்டைல உங்க புள்ளையோட எடக் கோடு போன மாசம் எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்குன்னு பாருங்க. ரெண்டு வயசுக்கு மேல ஒரு புள்ள வருஷத்துக்கு சுமாரா ரெண்டு கிலோ ஏறினா நல்லாத்தான் வளருது, ஒல்லியா இருந்தாலும் ஓடியாடி வெளையாடுதுன்னா பயப்பட வேணாம். பயப்பட வேண்டியது கோடு படுத்துக்கிட்டாலோ எறங்கினாலோதான். மேல் கைய சுத்தி ஒரு டேப் போட்டு பாப்போம், 12.5 சென்டிமீட்டருக்கு கீழ போனா மஞ்சள், 11.5க்கும் கீழன்னா செவப்பு, செவப்பு வந்தா நாங்க சமாளிக்கற கேஸ் இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரணும். இத விட்டுட்டு உயரமா வளரும் அறிவா வளரும்னு டிவில காட்டற பவுடர் டப்பாவ முன்னூறு நானூறு குடுத்து வாங்கிட்டு வந்து "இது குடுக்கலாமா டீச்சர்"னு கேப்பாங்க. கூலி வேலைக்கு போற வீடு, ஒரு நாள் சம்பளத்துல பாதி. அந்தக் காசுக்கு எத்தன முட்ட வரும்னு கணக்கு போடச் சொல்லுவேன், நாமக்கல் இதோ பக்கத்துலதான் இருக்கு. (போஷன் ட்ராக்கர்ன்ற அரசாங்க போன் ஆப்ல இந்த எட உயரத்த எல்லாம் ஏத்தறதுக்கு சிக்னல் தேடி வேப்பமரத்தடில நின்ன கதைய இன்னொரு நாள் எழுதறேன், அது தனி புராணம்.)

எட எறங்கறதுக்கு சாப்பாடு மட்டும் காரணம் இல்ல. வெயில் காலத்துல ஒரு தடவ வயித்தால போச்சுன்னா சேத்து வச்ச எடையெல்லாம் நாலு நாள்ல காணாமப் போயிரும். அப்போ நம்ம ஊர் பழக்கம் என்னன்னா மாந்தம்னு சொல்லி சாப்பாட்டையே நிறுத்திருவாங்க, வயித்துக்கு ஓய்வு குடுக்கறாங்களாம். அதுதான் தப்பு, உப்பு சர்க்கர கரைசல் குடுத்துட்டே இருக்கணும், ஜிங்க் மாத்திரைய 14 நாள் முழுசா குடுக்கணும், வயித்தால போறது நின்ன உடனே மாத்திரைய தூக்கிப் போட்டுரக் கூடாது, சாப்பாட்ட கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும், சரியான பின்னாடி ரெண்டு வாரம் ஒரு வேள கூடவே குடுக்கணும். பூச்சி மாத்திர பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் குடுப்போம், ஒண்ணுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் அரை மாத்திர, அதுக்கு மேல ஒண்ணு. அன்னைக்கு மட்டும் சில பாட்டிங்க புள்ளைய கூட்டிட்டே வர மாட்டாங்க. தண்ணி விஷயத்துல எங்க மாவட்டம் பட்ட பாடு தனி, போர் தண்ணில ப்ளோரைடு அதிகம், பெரியவங்க பல்லுல இன்னும் அந்த பழுப்புக் கற தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல வந்த அப்புறம்தான் நெலம மாறுச்சு. ஆனாலும் காட்டுக்கு போற எடத்துல போர் தண்ணிதான் குடிக்கறாங்க.

இன்னொரு ஆதங்கம் இருக்கு. பக்கத்துல இருக்கற தொடக்கப்பள்ளில ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் காலைல உப்புமா, கிச்சடி, பொங்கல்னு போடறாங்க. 2022 செப்டம்பர் 15 மதுரைல ஆரம்பிச்ச திட்டம், 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, எனக்கு தெரிஞ்சு ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த உருப்படியான வேல. அங்க படிக்கற அண்ணன் அக்காவெல்லாம் வீட்ல டீய மட்டும் குடிச்சுட்டு வந்தாலும் எட்டர மணிக்கு சூடா சாப்பிட்டுருதுங்க, அவங்க கைய பிடிச்சுட்டு வர்ற மூணு வயசு தம்பி வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கான். பொங்கல் அன்னைக்கு அந்த வாசன எங்க சென்டர் வரைக்கும் வரும். ஒரு பொண்ணு தன் தட்டுல இருந்து தம்பிக்கு ரெண்டு வாய் ஊட்டிட்டுதான் தான் சாப்பிடுவா. எங்க சத்துமாவு வர்றதுக்கு பத்தர ஆயிடும், அதுக்குள்ள அந்த பொட்டிக்கட ஜெயிச்சிருது. ரெண்டு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருக்கற எங்க புள்ளைங்களுக்கும் அதே அடுப்புல ஒரு கரண்டி கூட ஊத்தினா என்னன்னு மேல இருந்து யாரு வந்தாலும் நான் கேட்டுட்டேதான் இருக்கேன், "எழுதிக் குடுங்கம்மா"ன்றாங்க, எழுதியும் குடுத்துட்டேன்.

கடக்கார அண்ணன்கிட்டயும் பேசிப் பாத்தேன், "அண்ணே, அந்த பாக்கெட் சரத்த கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க, புள்ளைங்க கண்ணுக்கு நேரா கடலமிட்டாய் ஜாடிய வைங்க"ன்னு. நல்ல மனுஷன், செஞ்சாரு. போன வாரம் கேட்டா, "கடலமிட்டாய் பரவால்ல போகுதும்மா, ஆனா இப்ப பாட்டிங்க கைய நீட்டி மேல இருக்கறத காட்டி கேக்கறாங்க"ன்றாரு. அடுத்த மாச மீட்டிங்குக்கு பாட்டிகளோட சேத்து அவரையும் கூப்பிட்டிருக்கேன், கடைய ஒரு மணி நேரம் சாத்திட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு.