பால்மா நாட்டில் ஒரு பால் பண்ணை

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் கிரகரி வாவி, ஹக்கல பூங்கா, ஏதாவது ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று சுற்றிவிட்டு, நேரம் மிஞ்சினால் பால் பண்ணைகள் இருக்கிற அம்பேவெலவை எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் இந்த முறை மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு நாளை அம்பேவெலவுக்கே ஒதுக்கினோம். காரணம் அக்காவின் பிள்ளைகள். கொழும்பில் பிறந்து வளர்ந்த அவர்களுக்குப் பால் என்றால் மாப் பைக்கற்றில் இருப்பது, மிஞ்சிப்போனால் அட்டைப் பெட்டியில் வருவது.

வான் வண்டி பிடித்துப் போயிருக்கலாம். நுவரெலியாவிலிருந்து பிளக்பூல் சந்தி, மீப்பிலிமான வழியாக நல்ல பாதை இருக்கிறது. ஆனாலும் நானுஓயாவில் ரயில் ஏறினோம். 1885இல் நானுஓயா வரை வந்த இந்த ரயில் பாதை பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. ஏன் அவ்வளவு காலம் எடுத்தது என்பது ஜன்னலோரம் உட்கார்ந்தால் விளங்கும். நானுஓயா தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தேயிலை அருகிவிடுகிறது. யூகலிப்டஸ் மரங்கள், பிறகு கரட், லீக்ஸ், கோவாப் பாத்திகள், அப்புறம் திடீரென்று வெறும் புல். மலைநாட்டில் இவ்வளவு புல்லை ஒன்றாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அம்பேவெல நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். ஓட்டோக்காரத் தம்பி பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பண்ணையில் எங்களோடேயே சுற்றிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னான். அது பெரிய வசதியாகப் போயிற்று.

இங்கே இரண்டு பண்ணைகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. ஒன்று அம்பேவெல பண்ணை, மற்றது நியூசிலாந்து பண்ணை. ஒரு காலத்தில் அரசின் கையில் இருந்தவை. இப்போது லங்கா மில்க் ஃபூட்ஸ் நிறுவனம் நடத்துகிறது. சீட்டு எடுத்து உள்ளே போனால் சரிவு முழுக்கப் பசுமை, எதிர்க் குன்றில் காற்றாலைகள். வேலியோரம் படம் எடுக்கிற கூட்டம்தான் அதிகம். மாட்டைப் பார்க்கிற கூட்டம் குறைவு.

மாடுகளில் கறுப்பு வெள்ளை ஃபிரீசியன்கள் உண்டு, செம்பழுப்புத் திட்டு உள்ள அயர்சயர்களும் உண்டு. ஒன்று நெதர்லாந்துப் பக்கத்து இனம், மற்றது ஸ்கொட்லாந்து. நல்ல தீனி போட்டால் ஃபிரீசியன் நாளுக்கு இருபது லீற்றருக்கு மேலும் கறக்கும். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வளர்த்த நாட்டு மாடு கன்றுக்குப் போக இரண்டு போத்தல் தந்தாலே அன்று வீட்டில் கொண்டாட்டம். ஆனால் இந்த ஃபிரீசியனை அங்கே கொண்டுபோய்க் கட்டினால், வெயிலில் மூச்சு வாங்கி, தீனியைக் குறைத்து, பாலையும் குறைத்துவிடும். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர்தான் இங்கே பாதி வேலையைச் செய்கிறது.

கொட்டிலில் இயந்திரக் கறவை நடந்துகொண்டிருந்தது. மடியில் நான்கு கிண்ணங்களை மாட்டியதும் குழாய் விட்டு விட்டு இழுக்கிறது. மாடு பாட்டுக்கு அசைபோடுகிறது. சின்னவன் நின்று பார்த்துவிட்டு, "அப்ப கண்டுக்குட்டி என்னத்தைக் குடிக்கும்?" என்று கேட்டான். அங்கே வேலை செய்கிற அண்ணன் ஒருவர் சிரித்தார். "சீம்பால் அதுக்குத்தான் தம்பி. அதுக்கப்புறம் அளந்துதான் குடுப்போம், போத்தல்ல" என்றார். பையனுக்கு அந்த "அளந்து" பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

சரி, கடைக்கு வருவோம். பால், யோகட், சீஸ், ஐஸ்கிறீம் எல்லாம் இருந்தன. நான் முதலில் கேட்டது எதுவும் கலக்காத வெறும் பால். அட்டைப் பெட்டிப் பாலை 135 பாகைக்கு மேல் சூடாக்கித்தான் அடைக்கிறார்கள். மாதக்கணக்கில் வெளியே வைக்கலாம், ஆனால் ஒரு காய்ச்சிய வாடை அதில் ஒட்டிக்கொள்ளும். இங்கே குடித்ததில் அது இல்லை. புல் வாசம் என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள், ஆனால் தொண்டையில் இறங்கியபின் ஏதோ ஒன்று நாக்கில் தங்கியது. பெரியவள் அரைக் கிளாஸோடு நிறுத்திவிட்டாள். "பால் மாதிரியே இல்லை, சித்தி" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இந்தத் தீவில் பால் தேத்தண்ணி என்றால் பெரும்பாலும் பால்மா தேத்தண்ணிதான். அந்த மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. 2021இல் டொலர் வற்றியபோது ஒரு பைக்கற்றுக்காக வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி நின்ற நாங்களே நியூசிலாந்து என்று பெயர் வைத்த பண்ணைக்குச் சீட்டு எடுத்து வந்து மாடு பார்க்கிறோம்! இன்னொன்று, எங்கள் வீட்டு அலுமாரியில் எப்போதும் இருந்த லக்ஸ்பிரேயும் இந்தப் பண்ணைகளை நடத்தும் அதே நிறுவனத்தின் பால்மாதான்.

ஓட்டோத் தம்பிக்கும் ஒரு கிளாஸ் பால் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டான். வீட்டில் அம்மா ஒரு மாடு வளர்க்கிறாராம். கொழுந்து பறித்துவிட்டு வரும்போதே புல்லுக்கட்டும் தலையில் வரும். விடியற்காலையில் கறந்து ரோட்டோரம் கேனோடு நின்றால் சேகரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் விலை.

"அப்ப வீட்டில நல்ல பால் தேத்தண்ணி கிடைக்கும்" என்றேன்.

"இல்லக்கா, ப்ளேன்டீதான். பால் எல்லாம் கேன்ல போயிரும். அந்தக் காசுலதான் தங்கச்சி படிக்குது."

லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரக் கொட்டில் கட்டி ஒற்றை மாடு வளர்க்கும் இப்படியான பெண்கள் மலையகம் முழுக்க இருக்கிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் பச்சைப் புல்வெளியோடு நின்றுவிடுகின்றன.

திரும்பும் வழியில் பட்டிப்பொல வரை போனோம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். அதைத் தாண்டி 6,226 அடியில் பாதையின் உச்சி வருகிறது. ஹோட்டன் சமவெளிக்கும் இந்தப் பக்கமாகவே ஏறலாம், ஆனால் அதற்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கினால் மாடும் தெரியாது, மலையும் தெரியாது. சித்திரை மாத வசந்தகாலக் கூட்டத்தில் நுவரெலியாப் பக்கமே வேண்டாம். சுவெட்டர் கட்டாயம். சீஸ் வாங்குவதென்றால் கடைசியாக வாங்கி, அன்றைக்கே தங்குமிடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். கொழும்பு வரை பையில் கொண்டுபோக நினைக்காதீர்கள்.