ஏஆர்பி ஃபிரேமை ஸ்கோப்பில் படித்தாயிற்று, சிஆர்சியும் பொருந்திவிட்டது

நேற்று ராத்திரி ஒருவழியாக சிஆர்சி (தகவல் பிழையில்லாமல் வந்ததா என்று பார்க்க ஃபிரேமின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்) பொருந்தியது. லேப்டாப்பிலிருந்து கிளம்பிய ஓர் ஏஆர்பி ஃபிரேமை (இந்த ஐபி முகவரி யாருடையது என்று நெட்வொர்க்கில் கேட்கும் சின்ன டேட்டாப் பொட்டலம்) நெட்வொர்க் கேபிளிலேயே ஆசிலாஸ்கோப்பில் பிடித்து, அலைவடிவத்தை பைத்தானில் பிட்டாக்கி, பிட்டை பைட்டாக்கி, கடைசி நான்கு பைட்டை நான் கணக்கிட்ட சிஆர்சி-32 உடன் வைத்துப் பார்த்தேன். நாலும் அச்சு அசல். வீட்டில் யாருக்கும் இதன் அருமை புரியவில்லை, அதனால் இங்கே.

கேபிளை 10 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் ஓட்டினேன். ஏன் 10 என்று கேட்பீர்கள். 100-க்குப் போனால் நாலு பிட்டை ஐந்தாக்கும் 4பி5பி, அதற்கு மேல் பிட்டுகளைக் கலைத்துப்போடும் ஸ்கிராம்ப்ளர், அதற்கும் மேல் மூன்று மட்டத்தில் ஏறி இறங்கும் எம்எல்டி-3. டேட்டா இல்லாத நேரத்திலும் கம்பியில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணால் பார்த்து ஒன்றும் பிடிபடாது. 10பேஸ்-டியில் (10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்) வெறும் மான்செஸ்டர்தான்: ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மட்டம் மாறும், ஏறினால் 1, இறங்கினால் 0. 1973-இல் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் மெட்காஃபும் போக்ஸும் 2.94 எம்பிபிஎஸ்ஸில் ஓட்டிய ஈதர்நெட்டிலும் இதே மான்செஸ்டர்தான். லினக்ஸில் ஈதிடூல் கட்டளை கொண்டு ஆட்டோ நெகோஷியேஷனை (இரு முனையும் தாமாகவே வேகத்தைப் பேசி முடிவுசெய்வது) நிறுத்தி வேகத்தை 10-இல் கட்டிப்போட்டேன். மறுமுனையில் ஒரு பழைய 10/100 ஸ்விட்ச். கிகாபிட் கார்டுகளில் பெரும்பாலானவை இன்னமும் 10-க்கு இறங்கி வருகின்றன, நல்ல விஷயம்.

நடுவில் இரண்டு கீஸ்டோன் ஜாக்கை (சுவரில் மாட்டும் நெட்வொர்க் சாக்கெட்)ச் சின்னக் கம்பிகளால் இணைத்து, ஒன்றாம் பின்னிலும் இரண்டாம் பின்னிலும் ஆளுக்கொரு புரோப். இரண்டின் கிரவுண்ட் கிளிப்பையும் ஒன்றோடொன்று மாட்டிவிட்டேன், கேபிளைத் தொடவில்லை. சேனல் ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் சிக்னல். புரோப் கட்டாயம் பத்து எக்ஸ்ஸில் (சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை) இருக்க வேண்டும். ஒரு எக்ஸ்ஸில் பெரும்பாலான புரோப்கள் ஆறேழு மெகாஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கும், நமக்கு வேண்டியது 10. இரண்டு புரோப்பின் டிரிம்மரையும் ஒரே மாதிரி திருகி வையுங்கள், இல்லாவிட்டால் கழித்த பிறகும் மூலைகளில் கொம்பு முளைக்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் 50 ஹெர்ட்ஸ் ஆட்டமும் நின்றது.

இனி டிரிக்கர், அதாவது எந்தக் கணத்தில் படம் பிடிப்பது என்று ஸ்கோப்புக்குச் சொல்லும் ஏற்பாடு. எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

10பேஸ்-டி கார்டு அனுப்ப ஒன்றும் இல்லாத நேரத்தில் சுமார் 16 மில்லி செகண்டுக்கு ஒருமுறை, 100 நானோ செகண்ட் அகலத்தில் ஒரு லிங்க் பல்ஸை விட்டுக்கொண்டிருக்கும். மட்டம் மாறும் இடத்தில் பிடிக்கும் எட்ஜ் டிரிக்கர் வைத்தால் ஸ்கோப் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. பல்ஸின் அகலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் ஃபிரேமுக்கு முன்னால் வரும் பிரியாம்பிளில் (கடிகாரத்தைப் பிடிக்க உதவும் 1010 வரிசை) வருவதும் அதே 100 நானோ செகண்ட். ஹோல்ட் ஆஃபை (ஒருமுறை பிடித்தபின் ஸ்கோப் காத்திருக்கும் நேரம்) கூட்டினேன், குறைத்தேன், சிங்கிள் ஷாட்டில் வைத்து அதிர்ஷ்டத்தை நம்பினேன். வெறுத்துப் போயிற்று.

வழி ஃபிரேமின் வாலில் இருந்தது. கடைசி பிட் போனதும் கார்டு கம்பியை உடனே விடுவதில்லை. ஃபிரேம் முடிந்ததற்கு அடையாளமாகச் சுமார் 250 நானோ செகண்டாவது பாசிட்டிவ் பக்கம் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் விடும். மான்செஸ்டரில் எந்த மட்டமும் 100-ஐத் தாண்டி நீளாது, லிங்க் பல்ஸும் தாண்டாது. ஆக, பல்ஸ் விட்த் டிரிக்கர், பாசிட்டிவ், 200 நானோ செகண்டுக்கு மேல். டிரிக்கர் புள்ளியைத் திரையின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் இடப்பக்கம் முழு ஃபிரேமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கழித்து வரும் சேனலில் டிரிக்கர் வைக்க என் ஸ்கோப்பில் வசதி இல்லை, ஒன்றாம் பின்னில் வைத்தாலே போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஃபிரேம்கூடத் தப்பவில்லை.

படம் பார்க்கவே அழகு. முதலில் 6.4 மைக்ரோ செகண்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டை, அது பிரியாம்பிளும் அதன் பின்னால் வரும் பைட்டும். 1010 என்று மாறி மாறி வருவதால் பிட்டின் நடுவில் மட்டும்தான் எட்ஜ், பிட்டுக்கும் பிட்டுக்கும் இடையே ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பிடிக்க இதைவிட வசதி வேண்டாம். கடைசியில் இரண்டு 1 அடுத்தடுத்து வரும், அதுதான் கதவு. உடனே பட்டை இரட்டிப்பாக நெருங்கி 4.8 மைக்ரோ செகண்டுக்கு 10 மெகாஹெர்ட்ஸ்: எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரியின் 48 ஒன்றுகள். அப்புறம் என் மேக் முகவரி (கார்டின் அடையாள எண்), அதன் பிறகு 00010000 01100000. பைட்டுக்குள் சின்ன பிட்தான் முதலில் போகும் என்பதால் திருப்பிப் படித்தால் 0806, ஏஆர்பி. பென்சிலால் குறித்தே இதுவரை வந்துவிடலாம்.

ஏஆர்பியின் சரக்கு 28 பைட்தான், ஃபிரேமின் குறைந்தபட்சச் சரக்கான 46-ஐ எட்டுவதற்காகப் பின்னால் 18 பைட் பூஜ்யம் அடைத்து அனுப்பப்படுகிறது. திரையில் 14.4 மைக்ரோ செகண்டுக்கு மறுபடியும் நெருக்கமான பட்டை. பல டிரைவர்கள் இந்த இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாகப் பழைய மெமரிக் குப்பையை அனுப்பி, 2003-இல் ஈதர்லீக் என்ற பெயரில் மாட்டிக்கொண்டன. என்னுடையதில் சுத்தமான பூஜ்யம்.

சின்ன ஃபிரேமுக்கு முட்டாள்தனமான டிகோடரே போதும். பிரியாம்பிளில் கட்டத்தைப் பிடித்து, 100 நானோ செகண்ட் வீதம் எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு பிட்டிலும் 25-இலும் 75-இலும் எட்டிப் பார்ப்பது. மொத்தமே 576 பிட். அதே புரோகிராமில் 1472 பைட் பிங்கை (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைப் பொட்டலம்) போட்டேன், அதாவது 1518 பைட் ஃபிரேம். முதல் 600 பைட் சொச்சம் சுத்தம், அதற்குப் பிறகு குப்பை. காரணம் கடிகாரம்: 25 நானோ செகண்ட் நழுவினால் எட்டிப் பார்க்கும் இடம் எட்ஜின் மேலேயே போய் விழும். 600 பைட் என்றால் சுமார் 490 மைக்ரோ செகண்ட், அதில் 25 நானோ செகண்ட் என்றால் பத்து லட்சத்துக்கு ஐம்பது. கார்டின் கிரிஸ்டலுக்கும் என் ஸ்கோப்பின் கிரிஸ்டலுக்கும் இடையே அவ்வளவு வித்தியாசம். கார்டுக்கு மட்டுமே பத்து லட்சத்துக்கு நூறு வரை விதியில் இடம் உண்டு, ஆகவே யாரையும் குறை சொல்ல முடியாது. சிப்புக்குள் இருக்கும் பிஎல்எல்லுக்கு (வரும் சிக்னலோடு கடிகாரத்தை ஒட்டி ஓடவைக்கும் சுற்று) என்ன வேலை என்பது இப்போதுதான் உறைத்தது.

பிஎல்எல் எழுத எனக்குப் பொறுமை இல்லை. நடு எட்ஜைப் பார்த்ததும் 75 நானோ செகண்டுக்குக் கண்ணை மூடிக்கொள், அதன் பிறகு வரும் முதல் எட்ஜ்தான் அடுத்த பிட்டின் நடு. இடையில் 50-இல் வரும் எல்லை எட்ஜ் தானாகவே கழிந்துபோகும், ஒவ்வொரு பிட்டிலும் கடிகாரம் புதிதாகத் தொடங்குகிறது. நாலே வரி. பெரிய ஃபிரேமும் முழுதாக வந்துவிட்டது, சிஆர்சியும் சரி. ஆனால் அந்த ஒரு ஃபிரேமுக்கே இரண்டு நானோ செகண்ட் இடைவெளியில் ஆறு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஸ்கோப் அதை பென் டிரைவில் எழுதி முடிப்பதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்.

கீஸ்டோன் ஜாக் ரிச்சி தெருவில் வாங்கியது, நன்றாகவே இருக்கிறது. கேபிள்தான் தொல்லை. சுத்தச் செம்பு என்று எழுதியிருந்ததை நம்பி ஆன்லைனில் ஒரு சுருள் வாங்கினேன், பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். ஜாக்கில் பஞ்ச் செய்யும்போது இரண்டாம் முறையே கம்பி ஒடிகிறது. வாங்கியதும் முதலில் சுரண்டிப் பாருங்கள்.

இன்னும் 100 மீட்டர் கேபிளில் சோதிக்கவில்லை. அகலமான பல்ஸின் பின்பாதியில் கார்டு வேண்டுமென்றே மட்டத்தைக் கொஞ்சம் குறைத்து அனுப்புகிறது. நீளக் கேபிளில் மெல்லிய பல்ஸும் அகலப் பல்ஸும் ஒரே உயரத்தில் போய்ச் சேரத்தான் அந்த ஏற்பாடு. அதை மறுமுனையில் பார்க்க வேண்டும். அதற்குள் மனசு எம்எல்டி-3 பக்கம் ஓடிவிட்டது, ஸ்கிராம்ப்ளரின் 11 பிட் ரிஜிஸ்டரை உடைக்கும் கோடு பாதி எழுதியாயிற்று. போகிற பிட்டையும் 3-6 ஜோடியில் வருகிற பதிலையும் சேர்த்துப் பார்க்க நாலு சேனல் வேண்டும், என்னிடம் இரண்டுதான். பழைய நாலு சேனல் ஸ்கோப் யாரிடமாவது விலைக்கு இருந்தால் சொல்லுங்கள், திரையில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை.