சுழற்சி பிட்
யூஎஸ்பி 3.0-ஐ முதலில் ஆதரித்த இயங்குதளம் லினக்ஸ்தான். 2009-இல் வந்த 2.6.31 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி), சேஜ் ஷார்ப் எழுதிய எக்ஸ்எச்சிஐ டிரைவர் சேர்ந்தது. யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலர் என்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள் அது. கடைகளில் அப்போது அந்தக் கருவிகளே அரிது!

அந்த டிரைவரில் எனக்கு மிகப் பிடித்தது வளைய வரிசைப் பகுதி. டிரைவர் வேலைகளை எழுதிவைக்க, கன்ட்ரோலர் எடுத்துச் செய்யும் நினைவக வரிசை அது. வரிசையின் ஒவ்வொரு துண்டும் 16 பைட். அதிலுள்ள சுழற்சி பிட் (cycle bit) என்ற ஒரே ஒரு பிட்தான் அந்த இடம் இப்போது யாருடையது, டிரைவருடையதா கன்ட்ரோலருடையதா என்று சொல்கிறது. வேலை பல துண்டுகளாக நீண்டால், மற்ற எல்லாவற்றையும் எழுதி, நினைவகத் தடை (முன்பு எழுதியவை முடிந்த பிறகே அடுத்ததை எழுத விடும் கட்டளை) ஒன்றைப் போட்டு, முதல் துண்டின் சுழற்சி பிட்டைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும். பிறகே, வேலை காத்திருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் டோர்பெல்லைத் தட்டலாம். இந்த எழுதும் ஒழுங்கு பிசகினால் பாதி எழுதிய வேலையைக் கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். எழுதும் ஒழுங்கைத் தாமே மாற்றிக்கொள்ளக்கூடிய ஏஆர்எம் போன்ற செயலிகளில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கொடுமையான பிழை அது.

டிரைவர் எழுத ஆசைப்படும் இளைஞர்களே, கெர்னலிலுள்ள எக்ஸ்எச்சிஐ-ரிங்.சி (xhci-ring.c) கோப்பை அவசியம் படியுங்கள்.